தும்பைமலையில் இருட்டு தேங்கிய வருஷம்

தும்பைமலையில் இருட்டு தேங்கிப் போன விஷயம் முதலில் தெரிந்தது மாதம்மாளுக்குத்தான், அதுவும் கண்ணால் அல்ல, காலால். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கீழேயிருந்து நட்சத்திரம் பார்க்க வருகிறவர்களுக்காக வான் ஆய்வகத்தின் படிகளைப் பெருக்கிவிட்டு, குப்பையைக் கொட்டப் பின்பக்கத்துப் பாறைப் பள்ளத்தில் இறங்கினாள். கணுக்கால் வரை பாதம் காணாமல் போனது. தண்ணீர் என்று நினைத்துப் புடவையைத் தூக்கினாள், ஈரமில்லை. சேறு என்று நினைத்துக் காலை உதறினாள், ஒட்டவில்லை. குனிந்து கையை விட்டாள். கை மணிக்கட்டு வரை மறைந்து, வெளியே எடுத்ததும் ஐந்து விரலும் குறைவில்லாமல் திரும்பி வந்தன. சூரியன் இன்னும் மறையாத அந்த நேரத்தில், கேழ்வரகுக் கூழ் பதத்தில், ஜில்லென்று, பள்ளத்தின் அடியில் இருட்டு தேங்கிக் கிடந்தது. இது பெருக்கினால் போகிற பொருள் இல்லை என்று மாதம்மாள் துடைப்பத்தைப் பாறைமேல் சாய்த்துவிட்டு, வாசல் கேட்டைத் திறக்கப் போய்விட்டாள். அன்றைக்குக் கூட்டம் அதிகம்.

இருட்டு எப்படி அங்கே வந்தது என்று தெரிந்துகொள்ள, தும்பைமலைக்காரர்களின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மலையுச்சியில் டெலஸ்கோப் கட்ட வந்தவர்கள் ஊரைக் கூட்டி, ஐயா, அம்மா, உங்கள் விளக்கு வெளிச்சம் மேலே போனால் எங்களுக்கு நட்சத்திரம் தெரியாது, தயவுசெய்து தெருவிளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டுக்கொள்ளுங்கள் என்று கைகூப்பிக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நாலே நாலு தெருவிளக்குக்கு. ஆனால் யாராவது கைகூப்பிவிட்டால் கேட்டதோடு நிறுத்திக்கொள்ளத் தும்பைமலைக்காரர்களுக்குத் தெரியாது. தெருவிளக்குக்குத் தகரத்தில் தொப்பி போட்டார்கள், பிறகு வாசல் பல்புக்கு, பிறகு வீட்டுக்குள் எரிகிற பல்புக்கு, பிறகு மாட்டுக்கொட்டகை லாந்தருக்கு, சாமி மாடத்து அகலுக்கு. அடுப்பு எரிக்கும்போது மேலே முறத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பீடி குடிக்கிறவர்கள் நெருப்பை உள்ளங்கைக்குள் ஒளித்துக் குடித்தார்கள். கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குகளைக் கூடையால் மூடி எடுத்துப் போனதில் ஒரு தடவை மணப்பெண் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாப்பிள்ளைத் தோழனுக்கு மாலை போட்டுவிட்டாள். மாலையை வாங்கி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள், யாரும் பெரிதுபடுத்தவில்லை. மின்மினிப் பூச்சிகளிடம் மட்டும் சொல்லிப் பார்த்தும் அவை கேட்கவில்லை. இவ்வளவு வேண்டாமே என்று சொல்ல டெலஸ்கோப்காரர்களுக்கு வாய் வரவில்லை. இப்படி நாற்பது வருஷமாகச் செலவாகாமல் போன இருட்டெல்லாம் என்ன செய்யும், மழைத்தண்ணீர் மாதிரி சரிவு பார்த்து இறங்கிப் பாறைப் பள்ளத்தில் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஊரே திரண்டு பார்க்கப் போனது. ஊர்க்கவுண்டர் சடையன் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தார், சத்தம் வரவில்லை. கூடவே வந்த அவருடைய சேவல் உள்ளே இறங்கி, அந்தி சாய்ந்துவிட்டதென்று முடிவு செய்து கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டது. கவுண்டர் சேவலை மீட்டெடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஊரைப் பார்த்துத் திரும்பினார்.

"நம்ம இருட்டுதான். நாம மிச்சம் புடிச்சது. யாரும் பயப்பட வேணாம், போய் வேலையப் பாருங்க" என்றார்.

அதோடு ஊருக்கு ஆச்சரியம் தீர்ந்தது. சுண்ணாம்பு அடித்துப் பள்ளத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார்கள், ஆடு மாடு விழாமல் இருக்க.

ஆச்சரியப்பட்டது வசுமதி மேடம் ஒருவர்தான். முப்பது வருஷமாக மலையிலேயே தங்கி நட்சத்திரங்களை அளக்கிறவர். கல்யாணம் காட்சி என்று எதற்கும் சொந்த ஊருக்குப் போகாதவர். வெளிச்சம் அளக்கிற கருவியைக் கயிற்றில் கட்டிப் பள்ளத்துக்குள் விட்டார். முள் பூஜ்யத்துக்குப் போய், அங்கேயும் நிற்காமல் இன்னும் கீழே போயிற்று. நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, தானே இறங்கிக் கழுத்து வரை உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"மாதம்மா, உள்ளே உட்கார்ந்து மேலே பார். நான் படிக்க வந்த காலத்து வானம் அங்கே இருக்கு" என்றார்.

மேடம் எதை நினைத்து அதைத் தன்னிடம் சொன்னார் என்று மாதம்மாளுக்குத் தெரியும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது, நாலு நாள் இருந்தது, போய்விட்டது. தும்பைமலையில் பதினாறாம் நாள்தான் பேர் வைப்பார்கள், ஆகவே அவனுக்குப் பேர் இல்லை. பேர் இருந்தால் அதைச் சொல்லி அழலாம், எதைச் சொல்லி அழுவது என்று தெரியாமல் அவள் அழுத அழுகை ஊரையே கலங்க வைத்தது. அப்போது ஆறுதல் சொல்லவே தெரியாத வசுமதி மேடம் ஒரு ராத்திரி அவள் வீட்டு வாசலுக்கு வந்து, அவளை எழுப்பி நிற்க வைத்து, வடக்கே துருவ நட்சத்திரத்துக்கு இரண்டு விரல் தள்ளி, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு சின்னப் புள்ளியைக் காட்டினார்.

"இதுக்குப் பேர் கிடையாது மாதம்மா. எங்க அட்டவணையில வெறும் நம்பர்தான். ஆனா இது மறையவே மறையாது. வருஷம் பூரா, விடிய விடிய, துருவனைச் சுத்திக்கிட்டே இருக்கும்."

மேடம் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவன்தான் இவன் என்று முடிவு செய்தவள் மாதம்மாள். அன்றிலிருந்து ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் வாசலுக்கு வந்து வடக்கே பார்ப்பாள்; தூணைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற பிள்ளை மாதிரி அவன் துருவனைச் சுற்றிக்கொண்டிருப்பான்; பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பாள், தூக்கம் வரும். அவள் புருஷன் தீர்த்தகிரி ஒரு நாளும் கூட வந்து பார்த்ததில்லை. அவன்தான் ஊருக்கெல்லாம் தொப்பி செய்கிறவன். மலை மழையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தகரம் துருப்பிடித்துவிடும் என்பதால் அவனுக்கு எப்போதும் வேலை இருக்கும். அவள் வாசலில் நிற்கும்போது அவன் உள்ளே எண்ணெய் டின்னை வெட்டிக்கொண்டிருப்பான். செத்த பிள்ளையைப் பற்றி அவன் வாயைத் திறந்ததே இல்லை. ஆம்பளை மறந்துவிட்டான் என்று மாதம்மாள் முதலில் கோபப்பட்டாள், பிறகு கோபப்படுவதையும் விட்டுவிட்டாள்.

ஐந்து வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு மலைக்கு நேர் வடக்கே, பாலாற்றங்கரையில், பேராம்பட்டு வளர ஆரம்பித்தது. தோல் பட்டறைகள் இருந்த இடத்தில் செருப்புக் கம்பெனிகள் வந்தன, கம்பெனிகளுக்கு ராத்திரி ஷிப்ட் வந்தது, ராத்திரி ஷிப்ட்டுக்குப் பனைமர உயரத்தில் விளக்குகள் வந்தன. வடக்கு வானத்தின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மூட்டம் மாதம் ஒரு விரற்கடையாக ஏறி, ஒரு நாள் துருவனையே மங்கலாக்கிவிட்டது. சின்னவன் தெரியவில்லை. பெரிய டெலஸ்கோப் அவ்வளவு கீழே குனியாது. சின்ன டெலஸ்கோப்பில் காட்டட்டுமா என்று மேடம் கேட்டார்தான். ஆனால் பெற்ற பிள்ளையைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் இன்னொருவரிடம் போய்க் கேட்டுக்கொண்டு நிற்க மாதம்மாளுக்கு மனசு வரவில்லை.

அதனால்தான் மேடம் சொன்ன அன்று ராத்திரி, எல்லோரும் போன பிறகு, அவள் பள்ளத்தில் இறங்கினாள். இருட்டு இடுப்புக்கு ஏறி, தோளுக்கு ஏறி, கழுத்தைச் சுற்றி நின்றது. வடக்கே பார்த்தாள். பேராம்பட்டின் மூட்டம் இருந்த இடத்தில் சுத்தமான வானம் இருந்தது, துருவன் இருந்தான், அவனுக்கு இரண்டு விரல் தள்ளி, சின்னதாக, சமர்த்தாக, அவள் பிள்ளை இருந்தான்.

"இருக்கியா?" என்று கேட்டாள் மாதம்மாள். சந்தோஷத்தில் அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

நல்ல விஷயம் மலையிலேயே தங்குமா என்ன. முதலில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பகலில் பிள்ளை தூங்கமாட்டேன் என்கிறது என்று ஒரு சொம்பு இருட்டு மொண்டுபோய்த் தொட்டிலில் ஊற்றினாள். பிள்ளை சாயங்காலம் வரை அசையவில்லை. சேதி சந்தைக்குப் போயிற்று, சந்தையிலிருந்து பஸ் ஏறிற்று. சனிக்கிழமைகளில் நட்சத்திரம் பார்க்க வந்தவர்கள் கையில் பாத்திரத்தோடு வந்தார்கள். தலைவலிக்காரர்கள் வந்தார்கள். கூட்டுக்குடும்பத்தில் புதுசாகக் கல்யாணமான ஜோடி வெட்கத்தோடு ஒரு தூக்குவாளி கேட்டு வாங்கிப் போயிற்று. பழைய சினிமாக் கொட்டகைக்காரர் ஒருவர், கூரை ஓட்டையாகி உள்ளேயிருந்த இருட்டெல்லாம் ஒழுகிப் போய்விட்டது என்று இரண்டு அண்டாவோடு வேனில் வந்தார். திருடன் ஒருவன் ஒரு பாட்டில் வாங்கிப் போய், போன வீட்டில் அதைத் திறந்து, தானே வழி தெரியாமல் விடியும் வரை சமையலறைக்குள் சுற்றிக்கொண்டிருந்து, அந்த வீட்டு அம்மாளிடமே காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வந்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். ஊர்க்கவுண்டர் விதிமுறை போட்டார்: வாய் மூடின பாத்திரம்தான் கொண்டு வர வேண்டும், வழியில் திறந்து பார்க்கக் கூடாது, மிச்சமானால் சாக்கடையில் ஊற்றக் கூடாது. யாராவது பணம் நீட்டினால் கவுண்டருக்குக் கோபம் வந்துவிடும். இருட்டுக்குக் காசு வாங்குகிற ஊர் என்று பேர் எடுக்கவா நாற்பது வருஷம் தட்டுத்தடுமாறி நடந்தோம் என்பார்.

கேட்டதோடு நிறுத்தத் தெரியாதவர்கள் கொடுப்பதிலும் அப்படித்தான். ஒரு சொம்பு கேட்டவருக்கு ஒரு குடம் கொடுத்தார்கள். ஆடி மாசம் கழுத்தளவு இருந்த இருட்டு ஐப்பசியில் முழங்காலுக்கு வந்து, பள்ளத்தின் மூலையில் ஓர் ஆள் குந்தி உட்காரும் குழி அளவுக்கு மட்டும் மிஞ்சியபோதுதான் ஊர் விழித்துக்கொண்டது. மறுபடி நிரம்ப எவ்வளவு நாளாகும் என்று மேடத்தைக் கேட்டார்கள். மேடம் கணக்குப் போட்டு, இன்னும் நாற்பது வருஷம் என்றார். கவுண்டர் மிஞ்சியிருந்த குழியின் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்த மூலை மாதம்மாவோடது. இனிமே ஒரு கரண்டி யாருக்கும் கிடையாது. கேட்டா தீந்துபோச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் ராத்திரி அங்கே உட்காருவதும், எதைப் பார்க்கிறாள் என்பதும் ஊருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்கள், அவ்வளவுதான். தீர்த்தகிரி இரண்டு டின்னை ஒட்டுப் போட்டுப் பெரிய மூடி ஒன்று செய்துகொண்டு வந்து, அந்தக் குழிமேல் கவிழ்த்துவிட்டுப் போனான்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை எஸ்தர் வந்தாள். பேராம்பட்டுச் செருப்புக் கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைக்கிறவள், முப்பது வயசு இருக்கும், வேலையிலிருந்து நேரே பஸ் ஏறியிருந்தாள். கையில் நாலடுக்கு டிபன் கேரியர். கேட்டிலேயே கவுண்டரின் மருமகன் தீந்துபோச்சும்மா என்றான். டீக்கடையில் தீந்துபோச்சு என்றார்கள். எஸ்தர் யாரிடமும் வாதாடவில்லை. வந்தது வந்தோம் என்று நட்சத்திரம் பார்க்கிற வரிசையில் போய் நின்றாள்.

அன்றைக்குச் சனிக்கிரகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை சனியைப் பார்த்தால் பரிகாரம் ஏதாவது செய்ய வேண்டுமா என்று ஒருவர் கவலையோடு கேட்டார். இன்னொருவர் போனில் பிளாஷ் அடித்து ஏச்சு வாங்கினார். சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சோடு ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பது மாதம்மாளின் வேலை. ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க, எதையும் தொடாதீங்க என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். எஸ்தர் ஏறிப் பார்த்தாள். வளையம் தெரியுதா என்று மேலே நின்ற மேடம் கேட்டதற்கு, தெரியுது என்றாள். இறங்கும்போது கால் வழுக்கி மாதம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை விடவில்லை.

"அக்கா, உண்மையிலயே தீந்துபோச்சாக்கா?"

மாதம்மாள் அவளை ஏணியிலிருந்து ஓரமாக இறக்கி நிறுத்தினாள்.

"எங்க வூட்டுக்காரரு தூங்கி எம்பத்தாறு நாளாச்சுக்கா. பதினோரு வருசம் நைட் ஷிப்ட் பாத்தாரு. இப்ப பகல் ஷிப்ட்டுக்கு மாத்திட்டாங்க, தூக்கம் மட்டும் திரும்பி வரல. தெருவுல ஒரு வெளக்கு, நேரா ஜன்னல்ல அடிக்குது. போர்வை போட்டுப் பாத்துட்டேன், அட்டை வெச்சு அடிச்சுப் பாத்துட்டேன். கண்ண மூடினாலும் உள்ள வெளிச்சமா இருக்குதுங்கறாரு. மாத்திரையும் கேக்கல." எஸ்தர் சேலை முனையால் மூக்கைத் துடைத்தாள். "போன வாரம் எம் பொண்ணு பேர மறந்துட்டாருக்கா. புள்ள முன்னாடி நிக்குது. அதும் பேரு இவருக்கு வாயில வரல. பாப்பா, பாப்பான்னுட்டு அப்படியே உக்காந்து அழுவறாரு."

மாதம்மாளின் கையில் இருந்த டார்ச் தரையைப் பார்த்துக் கவிழ்ந்தது. பேர் வைக்கப்பட்டு, உயிரோடு, எதிரிலேயே நிற்கிற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல் ஓர் அப்பன் உட்கார்ந்திருக்கிறான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஏணியைப் பிடிக்க வேறு ஆளை நிறுத்திவிட்டு, வா என்று எஸ்தரைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள். பாறைமேல் தீர்த்தகிரி உட்கார்ந்திருந்தான். அவள் வேலை முடிந்து வரும் வரை அவன் அங்கே காவல் உட்காருவது வழக்கமாகிவிட்டிருந்தது. டிபன் கேரியரைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"இன்னா மாதம்மா இது?"

"மூடிய எடுய்யா."

"மாட்டேன்."

"இவ புருசன் தூங்கலையாம்யா. எடு."

"ஊருக்கெல்லாம் மொண்டு மொண்டு குடுத்தாச்சு. இது மட்டும் வேணாம்." தீர்த்தகிரி குனிந்து மூடிமேல் கையை ஊன்றினான். "உள்ள நம்ம புள்ளடி."

பத்து வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. எஸ்தருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கேட்கக் கூடாத இடத்தில் நிற்கிறோம் என்பது மட்டும் புரிந்து, கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"புள்ள குழிக்குள்ள இல்லய்யா," என்றாள் மாதம்மாள் மெதுவாக. "மேல இருக்குது. அது எங்கயும் போவாது. நமக்குத்தான் தெரியாமப் பூடும். பரவாயில்ல. எடு."

தீர்த்தகிரி மூடியை எடுத்தான். மொள்வதற்கு முன் அவள் ஒரு தடவை உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்கலாம். அவளுக்கும் அது தோன்றியது. பார்த்தால் கொடுக்க மாட்டோம் என்று தெரிந்து பார்க்காமலே இருந்துவிட்டாள். நாலு அடுக்கிலும் வழிய வழிய மொண்டாள். குழியின் அடியில் வெறும் பாறையும், என்றைக்கோ விழுந்த ஒரு புளியங்கொட்டையும் தெரிந்தன. தீர்த்தகிரி கேரியரின் மூடியைத் துணி சுற்றி இறுக்கிக் கட்டினான். பிறகு வீட்டுக்கு ஓடிப் போய், புதுசாகச் செய்து வைத்திருந்த தகரத் தொப்பி ஒன்றைக் கொண்டு வந்தான்.

"இருட்டு பத்து நாள் தாங்கும், பதினஞ்சு நாள் தாங்கும். அப்புறம் வத்திப் பூடும்மா. இத அந்தத் தெரு வெளக்குக்கு மேல மாட்டச் சொல்லு. ஜன்னல் பக்கம் சரிச்சு மாட்டணும்."

கடைசி பஸ் கொண்டை ஊசி வளைவில் இறங்கி மறையும் வரை இருவரும் நின்றார்கள். எஸ்தர் மடியில் கேரியரை வைத்துக்கொண்டு, குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

அன்று ராத்திரி மாதம்மாள் வாசலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ராத்திரிகளிலும் வரவில்லை. படுத்துக்கொண்டு, தலைக்கு மேலே தொப்பிக்குள் எரிகிற பல்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். அழவில்லை, ஆனால் சோறு இறங்கவில்லை.

நாலு வாரம் கழித்து எஸ்தர் புருஷன் டேனியலையும் மகளையும் கூட்டிக்கொண்டு மலையேறி வந்தாள். டேனியல் கன்னம் உப்பி, தூங்கித் தெளிந்த மனுஷனாக இருந்தான். இருட்டை அறையில் ஊற்றியதும் மூன்று நாள் ஒரே மூச்சாகத் தூங்கியிருக்கிறான். தூங்குகிறவனைப் பார்க்கத் தெருவே செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, குசுகுசு என்று பேசி, பார்த்துக்கொண்டே இரண்டு பேர் அங்கேயே சாய்ந்துவிட்டார்களாம். பிறகு விளக்குக்கு மாட்டிய தொப்பியைப் பார்த்து, எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். டேனியல் முதுகில் கட்டித் தூக்கி வந்த மூட்டையை அவிழ்த்தான்; உள்ளே தெருக்காரர்கள் கொடுத்தனுப்பிய காலி எண்ணெய் டின்கள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும்" என்றான் தீர்த்தகிரியிடம். "மூணு நாள் தூங்கி எழுந்து மல்லாந்து படுத்துருந்தேன். காலையில வெளக்க அமத்திட்டாங்க, வெயிலு சாய்வா தொப்பிக்குள்ள பட்டுச்சு. உள்ள ஆணியால எழுதியிருக்கறது தெரிஞ்சுது. வேடியப்பன்னு படிச்சேன். படிச்ச ஒடனே எம் பொண்ணு பேரு கிருபான்னு ஞாபகம் வந்துருச்சுண்ணா." மகளின் தலையில் கை வைத்துக்கொண்டான். "யாருண்ணா அது வேடியப்பன், தொப்பி செய்யற கம்பெனி பேரா?"

மாதம்மாள் தீர்த்தகிரியைப் பார்த்தாள். அவன் டின்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், தலையைத் தூக்கவில்லை.

"பதினாறாம் நாள் வெக்கலாம்னு நெனச்சு வெச்சிருந்தேன்" என்றான்.

அவள் உள்ளே ஓடினாள். பல்பை அணைத்துவிட்டு, முக்காலி போட்டு ஏறி, தொப்பிக்குள் சிவப்பு டார்ச்சை அடித்தாள். எரியும்போது கண் கூசும், அணைத்தால் இருட்டு. பத்து வருஷமாகத் தலைக்கு மேலேயே இருந்ததை அவள் பார்த்ததே இல்லை. கோணல் மாணலாக ஆணியால் கீறி எழுதியிருந்தது, வேடியப்பன். மாட்டுக்கொட்டகைக்கு ஓடினாள், அங்கேயும் இருந்தது. பக்கத்து வீட்டில், டீக்கடையில், மாரியம்மன் கோயிலில், நாலு தெருவிளக்கிலும், வசுமதி மேடத்தின் மேசை விளக்கிலும்கூட, வெளிச்சம் மேலே போகாமல் தடுத்து நின்ற ஒவ்வொரு தகரத்துக்குள்ளும் அவள் பிள்ளையின் பேர் இருந்தது. திரும்பி வந்து, விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் தீர்த்தகிரியின் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"பத்து வருசமா எங்கிட்ட சொல்லாம வெளக்குங்ககிட்ட சொல்லிக்கினு இருந்தியாய்யா?"

"உங்கிட்ட சொன்னா நீ பேரச் சொல்லி அழுவ மாதம்மா," என்றான் அவன். "என்னால அதக் காதால கேக்க முடியாது."

அப்போது அவள் அழுதாள், பேரைச் சொல்லி, ஆசை தீர. தீர்த்தகிரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எஸ்தர் யாரையும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்து, முறத்தை மேலே இழுத்துக் கட்டி, எல்லோருக்கும் காப்பி போட்டாள்.

டேனியல் தெருவுக்குத் தொப்பி போயிற்று, பிறகு அடுத்த தெருவுக்கு. சனிக்கிழமை பஸ்ஸில் டின்கள் மேலே வந்தன, தொப்பிகள் கீழே போயின. தீர்த்தகிரி மட்டும் வெட்டி மாளாமல் ஊரே உட்கார்ந்து வெட்டியது. பேராம்பட்டுக்காரர்களுக்கும் தும்பைமலைக் குணம் தொற்றிக்கொண்டுவிட்டது என்று ஊர்க்கவுண்டர் பெருமைப்பட்டார். பெட்டிக்கடை பல்புக்குத் தொப்பி போட்டார்கள், கறிக்கடைக்குப் போட்டார்கள், சர்ச்சின் நட்சத்திர விளக்குக்கு ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்தார்கள். பனைமர உயர விளக்குகளுக்கு யார் ஏறி மாட்டினார்கள் என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மலையிலிருந்து பார்த்தால் வடக்கே ஆரஞ்சு மூட்டத்தில் எலி கடித்த மாதிரி ஒரு சின்னக் கறுப்பு விழுந்திருந்தது. அது மாதா மாதம் அகலமாயிற்று.

மறு வருஷம் தை மாசம், மழை ஓய்ந்து வானம் தெளிந்த ஒரு நாள், விளக்கு வைத்து நன்றாக இருட்டிய நேரத்தில் மாதம்மாள் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து தீர்த்தகிரி கூப்பிட்டான்.

"மாதம்மா, இங்க வா."

"வேலையா இருக்கிறேன்யா."

"போட்டுட்டு வா."

கரிக் கையோடு வந்தாள். அவன் வடக்கே பார்த்து நின்றுகொண்டிருந்தான், கையை நீட்டியிருந்தான், விரல் துருவனுக்குக் கொஞ்சம் மேலே வலப்பக்கம் அசையாமல் நின்றது. அவள் அவனுக்கு அந்த இடத்தை ஒரு நாளும் காட்டிக் கொடுத்ததில்லை.

"தை மாசத்துல இந்த நேரத்துக்கு இங்கதான் நிப்பான்," என்றான் தீர்த்தகிரி. "நாம படுக்கற நேரத்துக்குத் துருவனுக்கு நேர் மேல வருவான். கோழி கூவற நேரத்துல, இடப்பக்கமா இறங்கிக் கீழ போயிடுவான். ஆடியில எல்லாம் தலைகீழு. தெரியாத வருசத்துலயும் எங்க நிக்கிறான்னு எனக்குத் தெரியும்."

மாதம்மாள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டே பார்த்தாள். சின்னதாக, சமர்த்தாக, அவன் இருந்தான். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்து, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, "வேடியப்பா!" என்று கூப்பிட்டாள்.

மேலத்தெருவில் விளக்குத் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள், யாரோ விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.